டெஸ்டக்காவும் பதினெட்டு நாற்காலிகளும்

ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் கணினி நிரலிலிருந்து ஒரு வரியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, டெஸ்டக்கா கைகளைக் கட்டிக்கொண்டு சாய்ந்து உட்கார்கிறார். திரையின் ஓரத்தில் சின்ன வட்டம் ஒன்று சுழல்கிறது. சுழன்று சுழன்று சிவப்பாகிறது. "அப்பாடா, உயிரோடதான் இருக்கு!" என்று மேசையைத் தட்டிச் சிரிக்கிறார். பிடுங்கிய வரியை எடுத்து இருந்த இடத்திலேயே வைக்கிறார். வட்டம் பச்சையாகிறது. அதன் பிறகுதான் அவருக்குக் காலைக் காப்பி தொண்டையில் இறங்கும்.

விஷயம் இதுதான். நிரல் எழுதுகிறவர்கள், அது சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க இன்னொரு குட்டி நிரலையும் எழுதி வைப்பார்கள். அதற்குப் பெயர் டெஸ்ட். எல்லாம் சரி என்றால் பச்சை காட்டும், தப்பு என்றால் சிவப்பு. மற்றவர்கள் பச்சையைப் பார்த்ததும் பையை மாட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். இவருக்கோ முதலில் சிவப்பைக் கண்ணால் பார்த்தாக வேண்டும். "ஒரு தடவகூட செவப்பாகாத டெஸ்ட்ட எப்படி நம்புறது? அது வேல பாக்குதா, தூங்குதான்னு எனக்கு என்ன தெரியும்?" என்பார். வயது நாற்பத்தொன்பது. இருபத்தாறு வருடமாக இதே தொழில். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அலுவலகத்தில் அது சம்பளப் பட்டியலோடு சரி.

அலுவலகம் ஒரு டயர் கடையின் மாடியில் இருக்கிறது. பதினோரு பேர், ஒரு நீளமான அறை, அதன் ஓரத்தில் மேலாளருக்கு ஒரு தடுப்பறை, எப்போதும் லேசான ரப்பர் வாசனை. மற்ற பத்துப் பேருடைய திரைகளும் கறுப்பாக, அதில் எழுத்துகள் கலர் கலராக மின்னும். டெஸ்டக்காவின் திரை மட்டும் வெள்ளை வெளேரென்று, கறுப்பு எழுத்தோடு, பாடப் புத்தகம் போல இருக்கும். எழுத்தும் சின்னதில்லை. வாசலில் நின்றே படித்துவிடலாம். மவுஸை மேசை இழுப்பறையில் போட்டு வைத்திருக்கிறார். கீபோர்டு அவருடைய சொந்தச் சொத்து, வேலை மாறும்போதெல்லாம் துணிப்பையில் கூடவே வந்தது. பாதி எழுத்துகள் தேய்ந்து அழிந்துவிட்டன. அது போடும் சத்தத்தில் பக்கத்து மேசைத் தாடி காதில் பஞ்சு வைத்துக்கொள்ளாத குறை.

தாடி என்பவர் திரைகளை வடிவமைக்கும் இளைஞர். முகத்தில் பாதியை மூடும் தாடிதான் அவருக்குப் பெயரும். "கண்ணு கூசலையாக்கா உங்களுக்கு?" என்று வாரத்துக்கு ஒருமுறையாவது கேட்பார். "நான் என்ன திருடவா போறேன், இருட்டுல உக்கார?" என்று பதில் வரும். எந்தக் கணினி மொழி நல்லது, நிரல் எழுத எந்த எடிட்டர் உசத்தி என்று அறையில் சண்டை வந்தால் டெஸ்டக்கா நாற்காலியை உருட்டிக்கொண்டு முதல் ஆளாகப் போய் நிற்பார். எந்தப் பக்கம் ஆள் குறைகிறதோ அந்தப் பக்கம் சேர்ந்துகொள்வார். கடைசியில் அவரே பஞ்சாயத்தையும் முடித்து வைப்பார். "இதெல்லாம் ருசி தம்பி. நாள் பூரா சண்ட போடலாம், ஜெயிக்க முடியாது. டெஸ்ட் அப்படி இல்ல. அது தராசு. தராசுல போய் எனக்குப் பிடிக்கும், பிடிக்காதுன்னு பேசக் கூடாது."

வீட்டிலும் இதே கதைதான். அவசர விளக்கு வாங்கி வந்த அன்றே, யாரிடமும் சொல்லாமல் மெயின் சுவிட்சை அணைத்துப் பார்த்தார். தபால்காரரான கணவர் அப்போது கண்ணாடி முன்னால் பாதிக் கன்னம் மழித்து முடித்திருந்தார். "கரண்டு போனா எரியுதான்னு கரண்டு இருக்கும்போதே பாத்துடணும்ல?" என்று இவர் நியாயம் சொல்ல, "பாத்தாச்சா? இப்ப என் மூஞ்சியப் பாரு" என்று அவர் வெளியே வந்து நின்றார். கல்லூரி விண்ணப்பத்தில் மகளின் வயதை முதலில் மைனஸ் ஒன்று என்று போட்டுப் பார்த்தவரும் இந்த அம்மாதான். இணையதளம் அதையும் வாங்கிக்கொண்டு வாழ்த்துச் சொன்னது. மகள் தலையில் அடித்துக்கொண்டாள். டெஸ்டக்காவுக்கோ சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அப்புறம் அந்தக் கல்லூரிக்கு மூன்று பத்தியில் ஒரு கடிதமும் போனது.

இப்படிப்பட்டவருக்கும் சறுக்கியது. சறுக்கியது நாற்காலி விஷயத்தில்.

ரத்தம் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் மருத்துவமனை ஒன்றுக்காக இந்த அலுவலகம் ஒரு மென்பொருள் செய்துகொண்டிருந்தது. மருத்துவமனையில் பதினெட்டு நாற்காலிகள். ஒவ்வொரு நோயாளிக்கும் நான்கு மணி நேரம், வாரத்தில் மூன்று நாள். யாருக்கு எந்த நாற்காலி, எத்தனை மணிக்கு என்று பிரித்துக் கொடுப்பதுதான் மென்பொருளின் வேலை. வியாழக்கிழமை காலை அங்கே அது ஓட ஆரம்பித்தாக வேண்டும். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு டெஸ்ட். அதில் ஒன்று, ஒரே நேரத்தில் ஒரே நாற்காலி இரண்டு பேருக்குப் போய்விடக் கூடாது என்பதைப் பார்க்கும் டெஸ்ட். எழுதியவர் டெஸ்டக்காவேதான்.

அந்த டெஸ்ட் மட்டும் நினைத்துக்கொண்டால் சிவப்பாகும். 'மறுபடி ஓட்டு' என்ற பொத்தானை அமுக்கினால் சமர்த்தாகப் பச்சையாகிவிடும். இரண்டு மூன்று நாள் ஒழுங்காக இருக்கும், திரும்பவும் முறுக்கிக்கொள்ளும். "அதுக்கு இன்னிக்கு மூடு சரியில்லக்கா" என்று தாடி சொல்ல, அறையில் எல்லோரும் அதை மூடு டெஸ்ட் என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். சிவப்பானால் யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. கை தானாகப் பொத்தானுக்குப் போகும்.

செவ்வாய்க்கிழமை காலை மேலாளர் வந்து நின்றார். நல்ல மனிதர், ஆனால் கெடு தேதி நெருங்கினால் நிமிடத்துக்கு ஒருமுறை காலண்டரைப் பார்ப்பார். "அக்கா, அந்த மூடு டெஸ்ட்ட தூக்கிடுங்க. பச்ச, செவப்புன்னு மாத்தி மாத்திக் காட்டினா ரிப்போர்ட்டப் பாத்து ஆஸ்பத்திரிக்காரங்க பயந்துடுவாங்க. நாளன்னிக்கு வேலைய ஆரம்பிக்கணும்."

"சரி சார், ஒரு தடவ பாத்துட்டுத் தூக்கிடறேன்" என்று டெஸ்டக்காவும் தலையாட்டினார். அவருக்கே அதன் மேல் எரிச்சலாகத்தான் இருந்தது. தூக்குவதற்கு முன்னால், இதுவரை எத்தனை முறை மறுபடி ஓட்டியிருக்கிறார்கள் என்ற பதிவேட்டைத் திறந்து பார்த்தார். மூன்று வாரத்தில் பத்தொன்பது தடவை. அமுக்கியவர் பெயரும் பக்கத்திலேயே இருந்தது. தாடி ஐந்து. மற்றவர்கள் ஏழு. மீதி ஏழும் அவருடைய பெயர்.

முகம் சூடாகிவிட்டது அவருக்கு. ஊருக்கெல்லாம் தராசு என்று உபதேசம் செய்தவர், முள் தனக்குப் பிடிக்காத பக்கம் நின்றதும் தராசைத் தட்டித் தட்டி நேராக்கியிருக்கிறார். வெட்கமாக இருந்தது. எழுந்து நேராக மேலாளர் அறைக்குப் போனார்.

"பத்தொம்பது தடவ பொத்தான அமுக்கியிருக்கோம் சார். அதுல ஏழு நான். ஒரு தடவகூட ஏன் செவப்பாச்சுன்னு நான் கேக்கல. சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க. டெஸ்ட் பொய் சொல்லுதுன்னா நானே குழி தோண்டிப் பொதச்சிடறேன்."

"அஞ்சு மணி வரைக்கும்தான்க்கா. அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது" என்றார் மேலாளர்.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் டெஸ்டக்கா பதினோரு கணினிகளிலும் அந்த ஒரு டெஸ்ட்டை மட்டும் ஓடவிட்டார். மொத்தம் ஐந்நூறு முறை. ஆள் இல்லாத அறையில் மேசைக்கு மேசை நடந்து, சிவப்பு விழும் ஒவ்வொரு முறையும் கரும்பலகையில் ஒரு கோடு போட்டார். சாப்பிட்டுவிட்டுத் திரும்பியவர்கள் பார்த்தது பதின்மூன்று கோடுகளையும், சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலேயே கண் பளபளக்க நிற்கும் டெஸ்டக்காவையும்தான். "பதிமூணுலயும் ஒரே கதை, ஒரே நாற்காலிக்கு ரெண்டு பேர்!" என்றார். "இது மூடு இல்ல தாடி. பாவம், இது மூணு வாரமா தொண்ட கிழியக் கத்திக்கிட்டு இருக்கு!"

மேலாளரையும் வரவழைத்தார். அறையின் நடுவே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அவரை வாசல் பக்கமும் தாடியை ஜன்னல் பக்கமும் நிற்க வைத்தார்.

"ரெண்டு பேரும் நாற்காலியப் பாருங்க. காலியா?"

"காலி" என்றார்கள் இருவரும்.

"இப்ப கண்ண மூடிக்கிட்டு வந்து உக்காருங்க."

மேலாளர் தேதியை நினைத்தோ என்னவோ வேகமாகவே வந்தார். தாடி அரை நொடி முந்திக்கொண்டார். அடுத்த கணம் மேலாளர் தாடியின் மடியில் இருந்தார், நாற்காலி கீச்சென்று கத்திக்கொண்டு அரை வட்டம் அடித்தது. அறையே அதிரச் சிரித்தது. கீழே டயர் கடையிலிருந்து ஒருவர் என்னவோ ஏதோ என்று படியேறி வந்து எட்டிப் பார்த்தார். மேலாளரும் மடியில் இருந்தபடியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"நம்ம நிரலும் இப்படித்தான் சார்" என்றார் டெஸ்டக்கா. "காலியான்னு ஒரு தடவ பாக்குது. அப்புறம் கண்ண மூடிக்கிட்டுப் பேர எழுதுது. அந்த இடைவெளியில இன்னொருத்தரும் பாத்தா அவருக்கும் காலிதான்."

"ஆனா எப்பவோ ஒரு தடவதானேக்கா?" என்றார் மேலாளர்.

"இங்க எப்பவோ. அங்க காலைல ஆறு மணிக்கு ரெண்டு மேசையிலயும் ஒரே நேரத்துல பதிவு ஆரம்பிப்பாங்க. தினமும். வந்து முட்டிக்கிறது நீங்களும் தாடியும் இல்ல. நடக்கவே முடியாம வர்றவங்க."

சிரிப்பு அப்படியே அடங்கிவிட்டது. மேலாளர் தாடியின் மடியிலிருந்து எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். தொலைபேசியை எடுத்தார். வியாழக்கிழமை முடியாது, வெள்ளிக்கிழமைதான் என்று மருத்துவமனைத் தலைமை நர்ஸிடம் சொல்வதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது. மறுமுனையில் பேசிய குரல் அறை முழுக்கக் கேட்டது. "ஒரு நாள் லேட்டா வாங்க, எனக்கென்ன? ஒரே சேருக்கு ரெண்டு பேர அனுப்பிட்டா நான் யார எழுப்பி வீட்டுக்குப் போங்கன்னு சொல்றது?"

புதன்கிழமை முழுக்க டெஸ்டக்காவின் கீபோர்டுச் சத்தத்தைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. மாற்றம் பெரிதில்லை. முதலில் நாற்காலியில் துண்டைப் போட்டு இடம் பிடி, அப்புறம் நிதானமாகப் பெயர் எழுது, துண்டு கிடந்தால் அடுத்த நாற்காலிக்குப் போ. அவ்வளவுதான். டெஸ்ட்டை இரண்டாயிரம் முறை ஓட்டினார்கள். ஒரு கோடுகூட விழவில்லை. தாடி கரும்பலகையில் பெரிதாக ஒரு பூஜ்யம் போட்டு, அதற்குக் கண்ணும் மீசையும் வரைந்தார். செய்த மாற்றத்தின் குறிப்பில் டெஸ்டக்கா எழுதியது இரண்டே வரி: "மூன்று வாரமாக இந்த டெஸ்ட் சொன்னது உண்மை. கேட்காதவர்களில் நானும் ஒருத்தி." மேலாளர் அதைப் படித்துவிட்டு, கீழே "மேலாளரும்தான்" என்று சேர்த்து எழுதினார்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு டெஸ்டக்கா, தாடி, மேலாளர் மூன்று பேரும் மருத்துவமனையில் நின்றார்கள். மருந்து வாசனை, மெத்தென்ற நீல நாற்காலிகள், இரண்டு வரிசையாகப் பதினெட்டு. இரண்டு மேசைகளிலும் பதிவு ஒரே சமயத்தில் தொடங்கியது. டெஸ்டக்கா நாற்காலிகளை விரல்விட்டு எண்ணிக்கொண்டு நின்றார். ஒரு அம்மாள் மருமகனின் தோளைப் பிடித்தபடி மெல்ல வந்து நாலாம் நாற்காலியில் சாய்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, கொண்டுவந்த வாரப் பத்திரிகையை விரித்தார். எதிரே ஒரு பெரியவர் உட்காருவதற்கு முன்பே குறட்டைக்குத் தயாரானார். ஆறே முக்காலுக்குப் பதினெட்டு நாற்காலிகளும் நிறைந்தன. ஒன்றில்கூட ஒரு ஆளுக்கு மேல் இல்லை. சந்தோஷம் தாங்காமல் டெஸ்டக்கா தாடியின் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தார், அவர் இருமிக்கொண்டே சிரித்தார்.

தலைமை நர்ஸ் இடுப்பில் கை வைத்துத் திரையை மேலும் கீழும் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. இனிமே தப்பே வராதுல்ல?"

"வரவே..." என்று மேலாளர் ஆரம்பித்தார்.

டெஸ்டக்கா நர்ஸின் மேசையிலிருந்த வெள்ளைப் பிளாஸ்திரிச் சுருளை எடுத்து, ஒரு சாண் நீளம் கிழித்து, அதில் தன் கைபேசி எண்ணைப் பெரிய பெரிய இலக்கங்களில் எழுதி, திரையின் நெற்றியில் ஒட்டி, விளிம்பு கிளம்பாதபடி கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார்.