வெங்காயக் கொத்துகளுக்கு நடுவே ஒரு கூடு

எண்பதுகளின் கடைசியில் பொங்கலூருக்குப் பக்கத்தில் குடியிருந்தோம். கொஞ்சம் வெங்காயக் காடு இருந்தது. அதை மனைவி பார்த்துக்கொள்வாள். எனக்குத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை.

அந்த வருடம் ஆடியில் எங்கள் முதல் குழந்தை இறந்தே பிறந்தது. மனைவி மயக்கத்தில் கிடந்தாள். பார்த்தால் தாங்கமாட்டாள் என்று பெரியவர்கள் சொன்னார்கள். நானும் மண்டையை ஆட்டிவிட்டு, அவள் கண் விழிப்பதற்குள் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தேன். பெண் குழந்தை என்று மட்டும் சொன்னோம். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுக்காமல் இருப்பதுதான் அவளுக்கு நல்லது என்று நினைத்தேன். பெரிய புத்திசாலி!

புரட்டாசியில் வெங்காயம் பிடுங்கினோம். வீட்டுக்கு வேண்டியதைத் தாளோடு கொத்துக் கொத்தாகக் கட்டி, பின்பக்கச் சாய்ப்பில் மூங்கிலில் தொங்கவிட்டோம். காற்றாட இருந்தால் தை வரைக்கும் அழுகாது. தட்டைப்பயறைக் காயவைத்து, சாம்பல் கலந்து பானையில் கொட்டினாள். கொத்தவரங்காயை வேகவைத்து வற்றல் போட்டாள். ஒரு நிமிடம் சும்மா உட்காரமாட்டாள். வேலையில் மறந்துவிடுவாள் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

காயப்போட்ட பயறைத் தின்ன ஓர் அணில் வந்துகொண்டிருந்தது. நான் கல்லை எடுத்தால், "உடுங்க, பாவம், அது மாசமா இருக்குது" என்பாள். சாய்ப்பில், வெங்காயக் கொத்துகளுக்கு நடுவே, ஓட்டுக்கு அடியில் அது கூடு கட்டியது. அந்தப் பக்கத்து வெங்காயத்தைத் தொடக் கூடாது என்று எனக்கு உத்தரவு.

ஒரு நாள் கம்பெனியிலிருந்து வந்தபோது, குழந்தைக்கென்று அவள் தைத்து வைத்திருந்த தலையணை புறவாசலில் பிரிந்து கிடந்தது. எங்கள் பக்கம் தலையணைக்குப் பஞ்சு வாங்குகிறவர்கள் குறைவு. வெட்டி மிஞ்சிய துணித் துண்டுகள், பனியன் வேஸ்ட் என்போம், அதைத்தான் அடைப்போம். சைக்கிள் துடைக்கவும் அதுதான், மெத்தைக்கும் அதுதான். தலையணைக்குள் இருந்ததை எல்லாம் எடுத்து அணிலுக்குப் போட்டிருந்தாள்.

"குட்டிக்கு மெத்துன்னு இருக்குமுங்க" என்றாள்.

அணில் வாய் நிறையக் கவ்விக்கொண்டு ஓடியது. ஆடிக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் சிரித்துப் பார்த்தேன்.

பனியன் துணியை வெட்டினால் ஓரத்தில் நூல் பிரிந்துகொண்டே வரும். தினமும் அதிலேயே புரள்கிறவனுக்கு அது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தாய் அணில் விடாமல் கத்தியது. மனைவி தண்ணீருக்குப் போயிருந்தாள். ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தேன். மூன்று குட்டிகள். கண்கூடத் திறக்கவில்லை. கால்களிலும் கழுத்திலும் நூல் சுற்றி இறுகி, மூன்றும் செத்திருந்தன. அவள் கையால் போட்டதால் வந்தது என்று அவளுக்குத் தெரியக் கூடாது. எனக்கு அது ஒன்றுதான் ஓடியது. அவசர அவசரமாகக் கறிவேப்பிலைச் செடிக்குப் பக்கத்தில் குழி தோண்டிப் புதைத்தேன். கூட்டைப் பிய்த்து அடுப்பில் போட்டேன்.

குடத்தோடு வந்தவள் முதலில் மேலேதான் பார்த்தாள்.

"குட்டியெல்லாம் எங்கீங்க?"

"பெருசாயி ஓடிப்போச்சு புள்ள."

"கண்ணே தொறக்கலீங்களே. எப்படி ஓடும்?"

என் விரல்களில் மண் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அவள் குடத்தை இறக்கி வைத்தாள்.

"எந்த எடத்துலீங்க பொதச்சீங்க?"

கறிவேப்பிலைச் செடியைக் காட்டினேன்.

"அதக் கேக்கலீங்க. நம்ம கொழந்தையக் கேக்கறனுங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெங்காயக் காட்டில், மேற்கு வரப்பில், வேப்பமரத்துக்குக் கீழே என்று சொன்னேன்.

அவள் காட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"வெங்காயம் புடுங்கறப்ப, அங்க உக்காந்துதானுங்க நான் தெனமும் சோறு தின்னேன்" என்றாள்.