நியாலாஸ் தாண்டிப் போன லோரி

காலை ஏழரைக்கு ரெம்பியாவிலிருந்து புறப்பட்டோம். நான் அலோர் காஜாவில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. வெள்ளம் வந்தால் விடுப்பு எடுத்துக்கொண்டு எங்கள் பக்கத்து அறவாரியம் ஒன்றின் நிவாரணப் பணிக்குப் போவேன். லோரியை ஓட்டியவர் ராமு அண்ணன். பின்னால் அரிசி, டின் மீன், குடிநீர், போர்வை, பால் மாவு. நியாலாஸைத் தாண்டி ஒரு செம்பனைத் தோட்டத்தில் தொழிலாளர்களின் லயத்து வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. குடும்பங்கள் எல்லாம் மேட்டிலிருக்கும் தமிழ்ப்பள்ளியில் இருந்தன. ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் தூரம்.

செலாண்டார் வரை சாலை நனைந்திருந்தது, அவ்வளவுதான். நியாலாஸைக் கடந்து தோட்டத்துச் சாலையில் திரும்பியதும் ராமு அண்ணன் வேகத்தைக் குறைத்தார். முன்னால் ஒரு சிறிய பாலம். அதன் மேலே பால் தேநீர் நிறத்தில் தண்ணீர் ஓடியது. கைப்பிடிக் கம்பிகள் மட்டும் தெரிந்தன.

"அண்ணே, ரோடு எங்க இருக்கு?"

"கம்பிக்கு நடுவுல இருக்கு. பேசாம இரு தங்கச்சி."

நடுப்பாலத்தில் லோரி லேசாகப் பக்கவாட்டில் நகர்ந்தது. சக்கரம் உருளவில்லை, மிதக்கிறது என்று உடம்புக்குத் தெரிந்தது. பிறகு மீண்டும் தரையைப் பிடித்தது. மறுகரை ஏறிய பிறகும் இருக்கையைப் பற்றியிருந்த என் விரல்கள் நிமிரவில்லை.

பத்து மணிக்குப் பள்ளியை அடைந்தோம். மேசைகளைச் சேர்த்துப் போட்டு அவற்றின் மேல் பிள்ளைகளைப் படுக்க வைத்திருந்தார்கள். சாமான்களை இறக்கிக்கொண்டிருந்தபோது ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு பெண் என் கையைப் பிடித்தார். எல்லாரும் அவரைச் சரோஜா ஆன்டி என்றார்கள். உள்ளே அவர் கணவர் சுப்பையா நாற்காலியில் முன்பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கால்கள் வீங்கிப் பளபளத்தன.

"திங்கக்கெழம டயாலிசிஸ் போகணும், போக முடியல. இன்னைக்குப் புதன். படுத்தா மூச்சு முட்டுதும்மா."

"பொம்பாவுக்குச் சொன்னீங்களா ஆன்டி?" தீயணைப்புத் துறையைத்தான் சொன்னேன்; அவர்களிடம் மீட்புப் படகுகள் உண்டு.

"சொல்லியாச்சுலா. அவங்க போட்டு வேற கம்பத்து ஜனங்கள ஏத்தப் போயிருக்காம். வருமாம்."

ராமு அண்ணன் அவரைப் பார்த்தார், வெளியே மழையைப் பார்த்தார். "போட்டுக்குக் காத்திருந்தா சரிப்படாது. இப்பவே ஏத்துங்க."

லோரியின் முன்பக்கத்தில் மூன்று பேர்தான் உட்கார முடியும். நான் பின்னால் ஏறிக்கொள்கிறேன் என்றேன்.

"வேணாம். லோரி சாஞ்சா நீ புடிச்சுக்க ஒண்ணுமில்ல," என்றார் ராமு அண்ணன்.

அந்த மூன்றாவது இடத்தை சரோஜா ஆன்டிக்கு விட்டேன். அவர் தாங்கிப் பிடிக்காமல் சுப்பையா அங்கிளால் உட்கார முடியாது. உண்மையைச் சொன்னால், அந்தப் பாலத்தை மறுபடி கடக்க வேண்டாம் என்பது எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. அந்த நிம்மதி லோரி கண்ணில் மறையும் வரைதான்.

"கரை ஏறுனதும் ஹாரன் அடிக்கிறேன்," என்று சொல்லிவிட்டுப் போனார் ராமு அண்ணன்.

செம்பனை மரங்கள் பாலத்தை மறைத்தன. தாழ்வாரத்தில் எல்லாரும் நின்று காது கொடுத்தோம். அந்த நேரம் பார்த்து மழை தகரக் கூரையில் கொட்டியது. பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்கவில்லை. ஒருத்தி ஹாரன் கேட்டது என்றாள். இன்னொருத்தி இல்லை என்றாள். எனக்கு எதுவும் கேட்கவில்லை. கைப்பேசித் தொடர்பும் அதற்குள் போயிருந்தது.

மதியம் சோறு வடித்தோம். நான் பரிமாறினேன், சாப்பிடவில்லை. ராமு அண்ணனுக்கு இரண்டு பெண்பிள்ளைகள். அவர்களிடம் என்ன சொல்வது என்று மனம் வார்த்தைகளைத் தேடத் தொடங்கியது; நான் தடுத்தும் நிற்கவில்லை. மூன்று மணிக்குப் பள்ளி வாசலின் கடைசிப் படி தண்ணீருக்குள் போய்விட்டது. ஒரு தாய் தன் குழந்தையை இடுப்பில் சேலைத்துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

ஐந்து மணி வாக்கில் தீயணைப்புப் படகு வந்தது. அதிலிருந்த மலாய் இளைஞரிடம் முதலில் லோரியைப் பற்றித்தான் கேட்டேன். பாலத்துக்கு அப்பால் எஞ்சின் நின்றுவிட்டதாம்; மூவரையும் வேறொரு வண்டி ஏற்றிச் சென்றதாம். கேட்டதும் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

குழந்தைகளையும் தாய்மார்களையும் முதலில் ஏற்றினார்கள். பிள்ளைகளைப் பிடித்துக்கொள்ள என்னையும் அழைத்தார்கள். படகு லயத்து வீடுகளின் பக்கமாகச் சென்றது. சுவர்கள் தெரியவில்லை, கூரைகள் மட்டும் வரிசையாக நீரில் கிடந்தன. பாலம் இருந்த இடத்தில் ஒரு பக்கக் கம்பியைக் காணவில்லை.

கரையிலிருந்து ஒரு வேனில் வந்து இறங்கினேன்; ரெம்பியாவில் தெரு காய்ந்திருந்தது. கடைகளில் வழக்கம்போல் கூட்டம். அங்கே நின்றபோதுதான் சரோஜா ஆன்டி மருத்துவமனையிலிருந்து அழைத்தார்.

"மிஷின்ல போட்டுட்டாங்கம்மா. மூச்சு கொஞ்சம் பரவால்ல."

"பாலத்துல ரொம்ப பயந்துட்டீங்களா ஆன்டி?"

"தண்ணிய நான் எங்கம்மா பாத்தேன்? இவரு நெஞ்சு ஏறி எறங்குதான்னு அதையேதான் பாத்துக்கிட்டு வந்தேன்." பிறகு கேட்டார்: "போட்டு லயத்துப் பக்கமா வந்துச்சா? வீடு நிக்குதா?"

"கூரை மட்டும் தெரிஞ்சுச்சு, ஆன்டி."

அந்தப் பக்கம் இயந்திரத்தின் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது.

"சரிம்மா," என்றார். "இவருகிட்ட நானே சொல்லிக்கிறேன்."