காளிதாஸின் படகு

தம்போயில் குடியிருக்கும் டொரத்தி, சனிக்கிழமை தவறாமல் கடலோரப் பொந்தியானுக்குக் காரோட்டிப் போவாள். அங்கே நண்டு பிடிக்கும் காளிதாஸ் அவளையும் படகில் ஏற்றி, முன்பலகையில் உட்காரவைத்துக்கொள்வார். கணவனை இழந்தபின் அவள் வாய்விட்டுச் சிரித்தது அந்தப் படகில்தான்.

அவள் வேலை பார்த்த நிறுவனம் அதே கடலில் சூரிய மின்தகடுகளை மிதக்கவிடத் திட்டமிட்டது. மீனவர்களிடம் பேச அவளையே அனுப்பினார்கள். வரைபடத்தில் தகடுகள் நண்டு பிடிக்கும் இடத்துக்குப் போகும் வழியை மறித்துக் கிடந்தன.

கூட்டத்தில் காளிதாஸ் எழுந்தார். "இத்தன நாளா எங்கூட வந்து கடல பாத்தது இதுக்குத்தானா, தங்கச்சி?"

"இல்லண்ணே." அவள் வரைபடத்தைச் சுருட்டினாள்.

எட்டு மாதம் அலைந்தாள். கடல்நீர் வற்றும் நேரத்தில் படகுகள் எங்கே திரும்பும், வலை எங்கே விழும் என்று மீனவர்களிடம் கேட்டுக் கேட்டு வரைபடத்தில் குறித்தாள். மேலதிகாரிகளோடு மல்லுக்கு நின்றாள். கடைசியில் தகடுகளை இரண்டாகப் பிரித்து, நடுவே படகுகளுக்கு வழி விட்டார்கள். காளிதாஸும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டார். ஆனால் அதன்பிறகு அவளைப் படகுக்குக் கூப்பிடவில்லை.

அவள் இன்னமும் சனிக்கிழமைகளில் படகுத்துறைக்குப் போகிறாள். போன வாரம் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே காளிதாஸ் கேட்டார்.

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேண்ணே."

இன்னொரு வார்த்தைக்காக அவள் காத்து நின்றாள். அவர் முன்பலகையை ஒருமுறை பார்த்துவிட்டு இன்ஜினை முடுக்கினார். தகடுகளுக்கு நடுவே படகு புள்ளியாகி மறையும்வரை அவள் அங்கேயே நின்றாள்.