திறக்க ஏலாத லப்டொப்பை விற்றவன்

கொம்பியூட்டர் திருத்தும் தொழிலில் நல்ல செய்தியோடு கடைப்படி ஏறிய ஒரு வாடிக்கையாளரை நான் இன்னும் காணவில்லை. திருகோணமலை உட்துறைமுக வீதியில் பதினாறு வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். உங்களில் யாராவது பல் பிடுங்குகிறவராக இருந்தால் என் நிலைமை சொல்லாமலே விளங்கும்.

சில வருடங்களுக்கு முன்பு எனக்கு ஒரு விசர் பிடித்தது. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸில் ஓடவென்றே செய்த லப்டொப்பை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து விற்கத் தொடங்கினேன். விண்டோஸ் மெஷினைத் துடைத்துவிட்டு லினக்ஸ் போட்டால் ஒருநாள் வைஃபை வராது, ஒருநாள் சத்தம் வராது, மூடி வைத்தால் திரும்ப எழும்பாது. இது அப்படியில்லை. தொழிற்சாலையிலேயே ஒன்றுக்கொன்று பொருத்திச் செய்தது. இதில் நல்லது என்ன, கெட்டது என்ன என்று இப்போதும் சனம் கேட்கிறது. பட்டியல் போட எனக்கு வராது. நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே நிறுத்துப் பாருங்கள்.

உப்புக்காற்று

முதலில் வாங்கியவர் இறக்கக்கண்டிக் கடற்கரையில் மீன் வாங்கி விற்கும் வாடி வைத்திருக்கும் செல்வராசா அண்ணன். ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் மெஷினை வைத்துக்கொண்டு கொழும்புக்கு விலை பேசுவார். ஒரு வருடத்தில் உப்பு ஏறி கீபோட்டில் பாதி செத்துவிட்டது. மற்ற மெஷின் என்றால் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள், உடைத்துத்தான் திறக்கவேண்டும். இதில் ஆறே ஆறு ஸ்குரூ. நான் போனில் சொல்லச் சொல்ல, மனுசன் மீன் வெட்டும் மேசையிலேயே வைத்துத் தானே கழற்றினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பெருமை அந்தக் கிழமையோடு போயிற்று. இந்த மெஷினுக்கு நாட்டில் முகவர் கிடையாது. புதுக் கீபோட் கடல் கடந்து வந்து, சுங்கத்தில் படுத்துக் கிடந்து, என் கைக்கு வர இரண்டரை மாதம். அதுவரை அண்ணன் வெளிக் கீபோட் ஒன்றைக் கொழுவிச் சமாளித்தார். கடைசியில் புதியதை வாங்க வந்தபோது சிரிக்காமல் சொன்னார்: “தம்பி, உங்கட மெஷின் நல்ல மனுசன்தான். ஆனா சொந்தக்காரர் எல்லாரும் வெளிநாட்டில.”

யோகமக்காவின் நித்திரை

யோகமக்கா முப்பது வருடம் அலுவலகத்தில் தட்டச்சு செய்தவர். தனிக்கட்டை. ஓய்வுபெற்ற பிறகு வீட்டிலிருந்து, யுத்தகாலத்தில் பிள்ளைகளைத் தொலைத்த தாய்மாருக்குக் கடிதமும் வாக்குமூலமும் அடித்துக் கொடுத்தார். யார் கூட்டிக்கொண்டு போனது, எந்த இடத்தில், என்ன உடுப்பு, கடைசியாக என்ன சொன்னான். எந்த விசாரணைக்குப் போனாலும் அந்தத் தாள்தான் அவர்களுக்கு ஆதாரம். அறுபது எழுபது குடும்பத்தின் வாக்குமூலமும் படங்களும் அவருடைய பழைய விண்டோஸ் மெஷினில் இருந்தன. ஒருமுறை யாரோ வந்து ‘சும்மா பார்க்கிறோம்’ என்று அதைக் கொண்டுபோய் நாலு நாள் வைத்திருந்து கொடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் என்னிடம் வந்தார்.

பழைய மெஷினில் பாஸ்வேட் போட்டாலும், உள்ளிருக்கும் டிஸ்க்கைக் கழற்றி வேறொன்றில் மாட்டினால் எல்லாம் வாசிக்கலாம். நானே எத்தனையோ பேருக்குச் செய்து கொடுத்திருக்கிறேன். இந்த லினக்ஸ் லப்டொப்போ முதல் நாள் போட்டவுடனேயே முழு டிஸ்க்கையும் பூட்டவா என்று தானாகக் கேட்கும். பூட்டினால் பாஸ்வேட் இல்லாமல் செய்தவனாலும் திறக்க முடியாது. இதை நான் மார்தட்டிக்கொண்டு சொன்னேன். அக்கா திரையைப் பார்க்காமல் பத்து விரலாலும் நீளமான ஒன்றை அடித்தார். ‘ஒரு தமிழ் வசனம், தட்டச்சு மெஷினில் அடிக்கிற மாதிரியே அடித்தேன்’ என்று மட்டும் சொன்னார். ஒரு தாளில் எழுதி வையுங்கள் என்றேன். தாள் யாரிடமாவது அகப்படும் என்றார். நான் மேலே வற்புறுத்தவில்லை. விற்கிற வாய்க்கு அவ்வளவுதான் அக்கறை. போகும்போது சொன்னார்: “நீங்களும் திறக்கேலாது எண்டால்தான் எனக்கு நித்திரை வரும் தம்பி.”

ஒரு கிழமை வேலை

பழைய கோப்புகளைப் புது மெஷினில் போட்டுத் திறந்தால் எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பை. நம்முடைய அலுவலகங்களில் காலகாலமாக அடித்த பழைய தமிழ் எழுத்துரு இதில் இல்லை. தமிழில் வேலை செய்கிறவர் லினக்ஸ் வாங்கினால் இந்தத் தலையிடி நிச்சயம் உண்டு. ஒவ்வொன்றாக மாற்றினேன், ஒரு கிழமை எடுத்தது. மாற்றும்போது வாசிக்காமல் இருக்க முடியுமா? ‘உடுத்தது நீலக்கோடு போட்ட சாரம், கையில் பாண்’ என்று ஒரு வரி. காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கப் போன பிள்ளை.

வேலை முடிந்ததும் பழைய மெஷினில் இருந்ததை ஒரு தடயமும் இல்லாமல் அழிக்கச் சொன்னார். வேறு பிரதி ஒன்று வைத்திருப்போம் என்று நான் சொல்லியிருக்கவேண்டும். என் தொழிலே அதுதானே! சொல்லவில்லை. அழித்தேன். அழிக்குமுன் அக்கா பக்கத்தில் கதிரை போட்டு இருந்து, புது மெஷினில் வந்த பெயர்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். “வடிவாப் பாருங்கோ தம்பி, ஒரு பிள்ளையும் விடுபடக்கூடாது.”

கடைக்கு வந்த இருவர்

எட்டு மாதம் கழித்து இரண்டு பேர் வந்தார்கள். சாதாரண உடுப்பு, நல்ல சப்பாத்து. எங்கிருந்து வருகிறோம் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இந்த ஊரில் கடை வைத்திருப்பவனுக்குக் கேட்கத் தோன்றாது. மேசையில் வைத்தது யோகமக்காவின் லப்டொப். திறக்கச் சொன்னார்கள். என்னால் முடியாது என்றேன். டிஸ்க்கைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றி வேறொன்றில் மாட்டிக் காட்டினேன், ஒன்றும் வாசிக்கவில்லை. பொய் சொல்லத் தேவையில்லாதபடியால் வாய் குழறவில்லை.

இரண்டு நாளில் மெஷின் அக்காவிடம் திரும்பிப் போயிற்று. உலகத்திலேயே சிறந்த சாமானை விற்கிறேன் என்று அன்றைக்கு நினைத்தேன். அவர்களில் மூத்தவர் போகும்போது மரியாதையாகவே கேட்டார்: “விக்கிற சாமானைத் திறக்கத் தெரியாதெண்டு சொல்ல உங்களுக்கு வெக்கமா இல்லையா?”

இடக்கை

போன வருடம் யோகமக்காவுக்குப் பாரிசவாதம் வந்தது. வலது பக்கம் முழுதும் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. அதே மாதம், அக்கா வாக்குமூலம் அடித்துக் கொடுத்த தாய்மாரில் ஒருவரான கட்டைபறிச்சான் ஊர் இராசம்மாவுக்கு விசாரணைக் கடிதம் வந்தது. மகனைப் பற்றிய வாக்குமூலத்தையும் அவனுடைய படத்தையும் மூன்று கிழமைக்குள் கொண்டுவர வேண்டும். அவரிடமிருந்த தாளையும் ஒரேயொரு படத்தையும் வெள்ளம் கொண்டுபோயிருந்தது. முன்பு கொடுத்த இடங்களில் கேட்டால் கோப்பு இல்லை என்றார்கள். இருப்பது அந்த லப்டொப்பில் மட்டும்.

இராசம்மாவும் நானும் அக்காவின் வீட்டுக்குப் போனோம். பாஸ்வேட்டை எழுதிக் காட்டுங்கோ என்று பேனையை இடக்கையில் கொடுத்தேன். கோடுதான் விழுந்தது. மெஷினை மடியில் வைத்தேன். திரை பாஸ்வேட் கேட்டது. அக்காவின் இடக்கை தானாகக் கீபோட்டில் போய் இருந்தது. நாலு எழுத்து அடித்தது. நின்றது. வலக்கை அடிக்கவேண்டிய நேரம் அளவுக்குக் காத்திருந்துவிட்டு, திரும்ப மூன்று எழுத்து அடித்தது. திரும்பக் காத்திருந்தது. வலக்கை மடியில் அப்படியே கிடந்தது. நான் அதைத் தூக்கிக் கீபோட்டில் வைத்தும் பார்த்தேன், தாய்மாரே தகப்பன்மாரே, அந்த வேலையை உங்கள் எதிரிக்கும் கொடுக்கவேண்டாம். அக்கா கண்ணை மூடிக்கொண்டு திரும்பத் திரும்ப அடித்தார், ஒவ்வொரு முறையும் அதே பாதி. கடைசியில் இடக்கையால் மூடியில் ஓங்கி அடித்தார்.

இடக்கை அடித்த எழுத்துகளைப் பார்த்துத் தாளில் எழுதிக்கொண்டு, லப்டொப்பையும் கடைக்குக் கொண்டுவந்தேன். காத்திருந்த இடங்களில் எத்தனை எழுத்து என்று யாருக்குத் தெரியும்? தேவாரம் போட்டுப் பார்த்தேன், ஊர்ப் பெயர்கள், தொலைந்த பிள்ளைகளில் நினைவிலிருந்த பெயர்கள். அக்காவிடம் போய் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேட்டேன். சிலதுக்கு ஓமென்று தலையாட்டினார், அவற்றைப் போட்டும் திறக்கவில்லை. அடுத்த நாள் அதே வசனத்துக்கு இல்லையென்று தலையசைத்தார். இராசம்மா இரண்டு நாளைக்கொருமுறை பஸ்ஸில் வந்து கடை வாசலில் நின்றார். ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வி: “பாதி கிடைச்சிட்டுது தானே தம்பி, மிச்சப் பாதியை உங்களுக்குக் கண்டுபிடிக்கேலாதோ?”

விசாரணை முடிந்து

இராசம்மா வெறுங்கையோடுதான் போனார். ஆதாரம் இல்லை என்று எழுதிக்கொண்டார்கள். மகன் எப்படி இருப்பான் என்று கேட்டபோது, வலது புருவத்துக்கு மேல் தழும்பு என்று தன் நெற்றியில் விரல் வைத்துக் காட்டினாராம். திரும்பி வரும் வழியில் என் கடையில் இறங்கினார். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். தண்ணீர் கொடுத்தேன், குடித்தார். பூட்டைப் புகழ்ந்ததும் நான்தான், பழையதை அழித்ததும் நான்தான் அம்மா என்றேன். அவர் மேசையிலிருந்த லப்டொப்பைத் தொட்டுப் பார்த்தார். மெஷின் நல்ல நிலையில்தான் இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை.

“இவ்வளவு காலமும் என்ர பிள்ளை எங்க இருக்கிறான் எண்டு தெரியாது தம்பி. இப்ப தெரியும், எடுக்கத்தான் ஏலாது.”

இப்போதெல்லாம் யாராவது வந்து இந்த மெஷின் பாதுகாப்பா என்று கேட்டால், யாரிடமிருந்து என்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் பெட்டியைப் பிரிக்கிறேன்.