தீபாவளிக்கு எதிரே ஒரு கோடு

எங்கள் ஊர்ப் பாலத்துக்கு வண்ண விளக்கு வந்து சில வருடங்கள் ஆகின்றன. மலேசியாவில் எங்கள் கெடா மாநிலத்தில் ஆறு ஓடாத ஊரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும், ஆகவே பாலத்துக்கும் பஞ்சமில்லை. ஆனால் நாளுக்கொரு நிறம் காட்டும் பாலம் எங்களுடையது மட்டும்தான் என்று ஊர்க்காரர்கள் யான் என்கிற ஊரில் இருக்கும் சொந்தக்காரர்களிடமும், கோத்தா கோலா மூடாவில் மீன் வாங்கப் போகும்போது மீன்காரரிடமும் சொல்லிக்கொள்வார்கள். உண்மையா என்று நான் விசாரித்ததில்லை. பெருமையை விசாரிக்கப் போனால் பெருமை போய்விடும்.

நோன்புப் பெருநாளுக்குப் பாலம் பச்சை. சீனப் புத்தாண்டுக்குச் சிவப்பு. சுல்தான் பிறந்தநாளுக்கு மஞ்சள். சுதந்திர மாதத்தில் கொடியின் நான்கு நிறமும் மாறி மாறி வரும். தீபாவளிக்கு மட்டும் அப்போது ஒன்றும் கிடையாது. அன்று பாலம் வாய் மூடி இருட்டில் நிற்கும்.

இதில் எனக்கு என்ன வந்தது என்றால், நான் நகராண்மைக் கழகத்தில் அந்த விளக்குகளைக் கவனிக்கும் பிரிவில் கிராணி, அதாவது டைப் அடிக்கும் குமாஸ்தா. அந்த மாடியிலேயே ஒரே தமிழச்சி. நானோ ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகிறவள். என் வீட்டில் தீபாவளி கிடையாது. பக்கத்து வீட்டு அக்காவின் தட்டில் ஏறி வந்தால்தான் உண்டு.

அந்த அக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் தாமானில், அதாவது வரிசை வீட்டுக் குடியிருப்பில், இருவருக்கும் ஒரே நடுச்சுவர். அவருக்குக் கையுறைத் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் வேலை. ஊசி முனை ஓட்டையைக்கூட விடாத கண். தீபாவளிக் காலையில் முறுக்கு, அதிரசம், நெய் உருண்டை எல்லாம் அடுக்கி ஒரு பெரிய எவர்சில்வர் தட்டு அவர் வீட்டிலிருந்து வரும். கிறிஸ்துமஸுக்கு அதே தட்டில் கேக்கை வைத்து நான் திருப்பிக் கொடுப்பேன். தட்டை வெறுமையாகத் திருப்பும் வழக்கம் எங்கள் இரண்டு வீட்டிலும் இல்லை. அவருடைய முறுக்கைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். அதைத் தின்றவர்கள் வேறு முறுக்கைக் குறை சொல்லாமல் இருக்க முடியாது.

அக்காவுக்கு மெர்கோங்கில் இரண்டு நாத்தனார்கள். ஒரு தீபாவளிக்கு அவர்களை வரவழைத்து, எங்கள் ஊர்ப் பாலத்தைப் பாருங்கள் என்று பட்டுப்புடவையோடு கூட்டிப்போயிருக்கிறார். பாலம் எரியவில்லை. அடுத்த வருடமும் எரியவில்லை. மூன்றாம் வருடம் நாத்தனார்கள் டார்ச் லைட்டோடு வந்தார்கள். அதை அவர் சிரித்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்து, நடுவில் நிறுத்திவிட்டுத் தட்டை என் கையில் கொடுத்தார்.

"எல்லாரு பெருநாளுக்கும் எரியுது, நம்மளுக்கு மட்டும் ஊமையா நிக்குது. நீ அந்த ஆபீஸ்லதான வேல செய்யிற? அடுத்த வருசமும் எரியலன்னா இந்தத் தட்டு ஒன் வூட்டுப் பக்கம் வராதுலா, சொல்லிட்டேன்."

மேலிடத்தில் யாரோ தடுக்கிறார்கள் என்றேன். மேலிடம் யார் என்று எனக்கும் தெரியாது. அரசாங்க ஆபீஸில் வேலை பார்ப்பவர்களுக்கு அது கைவசம் இருக்கும் சொல். அடுத்த முறை மேலிடத்தோடு மோதியாவது எரிய வைக்கிறேன் என்று சத்தியம் செய்துவிட்டு, அவர் போனதும் முறுக்கைத் தின்றேன்.

மோதுவதற்கு முதலில் ஆள் வேண்டுமே. யார் தடுத்தது என்று பழைய கோப்புகளை எடுத்துப் பார்த்தேன். பாலத்து விளக்குக்கு வருடா வருடம் ஒரே ஒரு தாள்தான். இடது பக்கம் பெருநாள், வலது பக்கம் நிறம். எங்கள் துவான், அதாவது பிரிவின் தலைவர், கையெழுத்துப் போட்டால் அது விளக்குகளை இயக்கும் டெக்னீஷியனிடம் போகும். அவர் கணினியில் ஏற்றிவிடுவார். முதல் வருடத்துத் தாளில் தீபாவளிக்கு எதிரே துவான் பென்சிலால், முதலில் கேட்டுக்கொள்ளவும் என்று எழுதியிருந்தார். யாரை என்று எழுதவில்லை. அதை டைப் அடித்தவர், பிறகு கேட்டு நிரப்பிக்கொள்ளலாம் என்று ஒரு சின்னக் கோடு போட்டிருந்தார். அடுத்த வருடத்துத் தாளிலும் அதே கோடு. அதற்கடுத்த வருடத்திலும் அதேதான். எங்கள் ஆபீஸில் போன வருடத் தாளைத் திறந்து, வருடத்தை மட்டும் மாற்றிச் சேமித்தால் இந்த வருடத் தாள் தயார். எல்லோரும் அப்படித்தான் செய்வோம்.

தாளின் அடியில் டைப் அடித்தவரின் பெயர்ச் சுருக்கம் இருந்தது. அது என்னுடையது.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. மேலிடமும் இல்லை, கீழிடமும் இல்லை. ஊரே இருட்டில் நின்றதற்குக் காரணம் என் சுண்டுவிரல் தட்டிய ஒரு கோடு. எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. அந்த அக்காவின் கண்ணில் ஓட்டை தப்பாது.

துவானிடம் போனேன். நல்ல மனிதர். நிறத்தைச் சொல், இன்றைக்கே கையெழுத்துப் போடுகிறேன் என்றார். நான் தீபாவளி கொண்டாடுகிறவள் இல்லை, மாதா கோயில்காரி என்றேன். இந்தியர்தானே என்று கேட்டார். ஆமாம் என்றேன். பிறகென்ன என்றார். தாமான் கோயில் பக்கம் போனால் நான் வேதக்காரி, ஆபீஸுக்கு வந்தால் மொத்த இந்தியர்களுக்கும் பிரதிநிதி. ஒரே சம்பளத்துக்கு இரண்டு வேலை.

தீபாவளிக்கு என்ன நிறம் என்று கேட்கக் கிளம்பினேன். இவ்வளவு எளிய கேள்விக்கு இத்தனை பதில் இருக்கும் என்று தெரிந்திருந்தால் கோட்டையே விட்டிருப்பேன்.

கோயில் தலைவர் மஞ்சள் என்றார், மங்களகரமாம். கோயில் செயலாளர், தலைவர் என்ன சொன்னார் என்று முதலில் கேட்டுக்கொண்டு, அப்படியானால் காவி என்றார். தமிழ்ப் பள்ளித் தலைமையாசிரியர் என்னை உட்காரவைத்து ஒரு பாடவேளை முழுவதும் பேசி, கடைசியில் வானவில்லின் ஏழு நிறமும் என்றார். ஆட்டுக்கறிக் குழம்பு விற்கும் கடைக்காரர் சிவப்பு என்றார். அது சீனப் புத்தாண்டுக்கு எடுத்தாயிற்றே என்றேன். அது வேறு சிவப்பு, இது குழம்புமேல் மிதக்கிற எண்ணெயின் சிவப்பு என்று கரண்டியில் எடுத்தே காட்டினார். தாமான் வாட்சாப் குழுவில் ஊதா என்றும் ரோஸ் என்றும் இரண்டு கட்சியாகி, நடுவில் யாரோ காணாமல்போன பூனையின் படத்தைப் போட, விவாதம் பூனையோடு போய்விட்டது. என் கணவர் தலையைத் தூக்காமலேயே பச்சையும் மஞ்சளும் என்றார். அது எங்கள் மாநிலக் காற்பந்துக் குழுவின் நிறம். பூசை முடிந்து எங்கள் பாதிரியாரையும் கேட்டுவைத்தேன். ஊதாவைத் தவக்காலத்துக்கு வைத்திருக்கிறேன், அதைத் தவிர எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

புடவைக் கடை அம்மா மட்டும் ஒரு நொடியும் யோசிக்கவில்லை. மயில் கழுத்து நிறம் என்றார். அந்த வருடம் கடையில் அது மூட்டை மூட்டையாகத் தேங்கியிருந்தது.

தபால் நிலையத்து வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அம்மா ஒருவர், எது போட்டாலும் சரி, கறுப்பு மட்டும் வேண்டாம் என்றார். அதைத்தான் இத்தனை வருடமாகப் போட்டுக்கொண்டிருந்தோம் என்று நான் சொல்லவில்லை.

பட்டியலை எடுத்துக்கொண்டு டெக்னீஷியனிடம் போனேன். நாங்கள் எல்லோரும் அபாங், அதாவது அண்ணன், என்று கூப்பிடும் மலாய்க்காரர், பொறுமைசாலி. மஞ்சள் சுல்தானுடையது, பச்சை நோன்புப் பெருநாளுடையது, ஒரு பெருநாளின் நிறத்தை இன்னொன்றுக்குத் தனியாகக் கொடுப்பது சரியாக இருக்காது என்று தலையைச் சொறிந்தார். பிறகு அவரே, எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டு நிறத்துக்கு ஒரு நிமிடம் கொடுத்தால் யாரும் கோபிக்க முடியாது என்றார். மயில் கழுத்து என்றால் என்னவென்று மட்டும் அவருக்குப் புரியவில்லை. கடையிலிருந்து ஒரு புடவையை வாங்கி வந்தேன். அதைக் கணினித் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, திருப்பினால் நீலம், மடக்கினால் பச்சை, உங்கள் ஆட்கள் ஒரு முடிவுக்கு வரவே மாட்டார்களா என்று கேட்டார். அரை நாள் முயன்று அந்த நிறத்தைப் பிடித்துவிட்டார். பிறகு அந்தப் புடவையைத் தன் மனைவிக்கு என்று அவரே எடுத்துக்கொண்டார்.

தாளில் நிறத்துக்கு ஒரே ஒரு கட்டம். அதில் பத்து நிறத்தை எழுத முடியாது. 'இணைப்பைப் பார்க்கவும்' என்று டைப் அடித்து, பட்டியலைப் பின்னால் கோத்தேன். எங்கள் ஆபீஸில் இணைப்பு உள்ள தாளுக்குத் தனி மரியாதை. யாரும் புரட்டிப் பார்க்க மாட்டார்கள். துவான் கையெழுத்துப் போட்டார்.

தீபாவளிக்கு முதல் நாள் மாலை, ஏழரை மணி. இருட்டு இறங்கியதும் பாலம் மஞ்சளாக எரிந்தது. கோயில் தலைவர் சுற்றியிருந்தவர்களைப் பார்த்துத் தலையாட்டினார். ஒரு நிமிடத்தில் காவியானது. பாலத்தின் மறுகோடியிலிருந்து செயலாளர் தலையாட்டினார். கறிக்கடைக்காரர் தன் சிவப்பு வரும்வரை கடையைப் பூட்டிவிட்டு வந்து நின்றார். புடவைக் கடை அம்மா மயில் கழுத்து வரும் ஒவ்வொரு சுற்றுக்கும் தன் கடைப் பெண்களை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்தார். பாலம் தன் நிறத்தில்தான் எரிகிறது என்று ஆளாளுக்கு வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருப்பார்கள். நானும் ஒரு முழுச் சுற்றை நின்று பார்த்தேன். என் பெருநாள் இல்லைதான். ஆனால் என் ஆட்களுடையது.

அக்கா வந்திருந்தார், மெர்கோங் நாத்தனார்களோடு. டார்ச் லைட் இல்லை. என் தோள்மேல் கையைப் போட்டு, என் தங்கச்சிதான் மேலிடத்தோடு சண்டை போட்டு இதை வாங்கிக் கொடுத்தாள் என்று அவர்களிடம் ஒருமுறை சொன்னார். அங்கே நின்ற இன்னொரு குடும்பத்திடமும் சொன்னார். மூன்றாம் முறை சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இத்தன வருசமா நம்ம வெளக்க அணச்சி வச்ச பாவி யாருன்னு நீயே சொல்லு தங்கச்சி."

பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்வது சுலபம். நடுவில் திரை இருக்கும். இங்கே திரையும் இல்லை, பாலம் பத்து நிறத்தில் வெளிச்சம் வேறு போடுகிறது. நாத்தனார்கள் இல்லாத பக்கமாக அவரைக் கைப்பிடிச் சுவரோரம் கூட்டிப்போனேன்.

"அந்தப் பாவி நாந்தான்க்கா."

கோட்டைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊதா போய், ரோஸ் போய், பச்சை வந்தது.

"மூணு வருசம் எம் முறுக்கத் தின்னுக்கிட்டே போட்டியா?"

ஆமாம் என்றேன். நாத்தனார்களிடம் திரும்பிப் போய்விட்டார். அவர்களிடம் என்ன சொன்னாரோ தெரியாது. அன்று நான் தனியாகத்தான் வீட்டுக்கு நடந்தேன்.

மறுநாள் காலை வாசல் கேட்டைத் தட்டும் சத்தம். தட்டு வந்திருந்தது. அதிரசம் அதன் இடத்தில், நெய் உருண்டை அதன் இடத்தில். நடுவில், வருடா வருடம் முறுக்கு குவிந்திருக்கும் இடத்தில், ஒரே ஒரு குச்சி. முறுக்கு மாவைச் சுற்றாமல் நேராகப் பிழிந்து, சிவக்கப் பொரித்து எடுத்த ஒரு கோடு. அக்கா கேட்டுக்கு வெளியே புதுப் புடவையில் சிரிக்காமல் நின்றார்.

அதைப் பாதியாக ஒடித்து அவரிடம் நீட்டினேன். வாங்கிக் கடித்தார். உப்பு கொஞ்சம் கம்மி என்றார். பிறகு முதுகுக்குப் பின்னால் மறைத்துப் பிடித்திருந்த முறுக்கு டின்னைக் கொடுத்தார்.

"அடுத்த வருசம் அந்தக் காயிதத்த டைப் அடிச்சதும் மொதல்ல எங்கிட்டக் கொண்டா. நான் பாத்த பெறகு ஒன் துவான் கையெழுத்துப் போடட்டும்."