ஊசி அத்தை மதுரைக்குப் படிக்கப் போனது

முப்பத்தெட்டு வயதில் நான் மறுபடியும் மடக்கைக் கணக்கு படித்தேன். சொல்லிக்கொடுத்தவர் என் வீட்டுக்காரர். காளையார்கோவில் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். காரைக்குடி வீட்டில் நான் குழம்பு கூட்டிக்கொண்டிருப்பேன். அவர் அடுப்படி வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு கேட்பார்.

"ஆறு மணி நேரத்துக்கு ஒருக்கா பாதி ஆயிருது. இன்னைக்குக் காலையில இருந்ததுல நாளைக்குக் காலையில எம்புட்டு இருக்கும்?"

"பதினாறுல ஒரு பங்கு."

"சரி. நாளான்னைக்கு?"

"குழம்பு அடிப்பிடிச்சிரும், பேசாம இருங்க."

அவருக்கு என்னைவிடச் சந்தோஷம். தானாகவே பாதி பாதியாகக் குறைந்து காணாமல் போகிற ஒரு பொருளை மனுஷ உடம்புக்குள் ஊசியில் ஏற்றி, அது போகிற பாதையைப் படம் பிடிக்கிறார்கள் என்பதை அவரால் நம்ப முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடமெல்லாம் சொல்லிவிட்டார், எங்க வீட்டம்மா அணு படிக்கப் போகுதுன்னு.

அதுவரை நான் காரைக்குடியில் ஓர் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். கெமிஸ்ட்ரி படித்துவிட்டு அந்த வேலைக்கு வந்தவள். பதினான்கு வருடமாக ரத்தம், சளி, சிறுநீர் என்று பார்த்துப் பார்த்து, கையே கண் மாதிரி ஆகிப்போயிருந்தது. எங்கள் நிர்வாகத்துக்கு மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி இருந்தது. தொண்ணூறுகளின் நடுவில் அங்கே, உடம்புக்குள்ளிருந்து வருகிற கதிரைப் படம் பிடிக்கும் காமா கேமரா வாங்கினார்கள். அணு மருத்துவத்துக்கென்று ஒரு தனிப் பிரிவு. ஆனால் அதை இயக்கத் தெரிந்தவர்கள் யாரும் தெற்கே வர மனசில்லாமல் இருந்தார்கள். அதனால் லேபிலும் எக்ஸ்ரேயிலும் பல வருடம் வேலை பார்த்த தங்கள் ஆட்களையே ஒரு வருடம் உட்கார வைத்துப் பயிற்சி கொடுப்பது என்று முடிவு செய்தார்கள்.

எங்கள் பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். "வீட்டுல கலந்து பேசிட்டுச் சொல்லுங்கம்மா, அவசரமில்ல" என்றார்.

"பேசிக்கிறேன் சார். ஆனா இப்பவே என் பேர எழுதிக்கங்க" என்றேன்.

திங்கட்கிழமை விடியலில் பஸ் ஏறினால் திருப்பத்தூர், மேலூர் வழியாக மதுரை. வாரம் முழுக்க நர்ஸுகள் விடுதியில் தங்கல். சனிக்கிழமை சாயங்காலம் திரும்பி வந்து, ஞாயிறு மாதா கோயிலில் பூசை பார்த்து, அடுத்த வாரத்துக்கு இட்லிப்பொடி இடித்துக்கொண்டு மறுபடி கிளம்ப வேண்டும். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பாடம் படித்தேன். இருபது வயதில் படித்தபோது எப்போது முடியும் என்றிருந்தது. இப்போது ஒவ்வொரு பக்கமும், இதை நாளைக்குக் கையால் செய்யப் போகிறோம் என்று தோன்றியது.

எங்களுக்குப் பாடம் எடுத்த இயற்பியல் மேடத்துக்கு இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். பம்பாயில் படித்துவிட்டு வந்தவர். முதல் நாள் எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். எங்களில் மூத்தவர் ஒரு கன்னியாஸ்திரி, எக்ஸ்ரே அறையிலேயே தலை நரைத்தவர். மேடம் அவரிடம், "சிஸ்டர், உங்க சர்வீஸும் என் வயசும் ஒண்ணா இருக்கும் போல. தப்பாச் சொன்னா நீங்கதான் திருத்தணும்" என்றார்.

"நீங்க தைரியமா அதட்டுங்க. எங்களுக்கு இது எல்லாமே புதுசு" என்றார் சிஸ்டர். அன்றிலிருந்து மேடம் என்னை அக்கா என்றார். நான் அவரை மேடம் என்றேன். பயிற்சி முடியும் வரைக்கும் அது மாறவில்லை.

நாங்கள் கையாண்ட பொருளுக்கு டெக்னீஷியம் என்று பெயர். பம்பாயிலிருந்து விமானத்தில் ஈயக் குடுவைக்குள் அதன் தாய்ப்பொருள் வரும். தினமும் காலையில் அதற்குள் உப்புநீரைச் செலுத்தினால், புதிதாக உண்டான டெக்னீஷியம் நீரோடு இறங்கும். இதைப் பால் கறப்பது என்றுதான் அந்தப் பிரிவில் எல்லோரும் சொன்னார்கள். என் பிறந்த வீட்டில் மாடு உண்டு. "இதுல நான் உங்க எல்லாருக்கும் சீனியர்" என்று சொன்னேன். மேடம் சிரித்துவிட்டு, முதல் இரண்டு வாரம் எங்களைச் சிவப்பு மை கலந்த தண்ணீரைத்தான் கறக்கவிட்டார்.

கதிரைத் தடுக்கும் ஈயக் கற்களுக்குப் பின்னால் நின்று, கையை மட்டும் நீட்டி, பார்க்காமலே ஊசிக்குழாயை நிரப்ப வேண்டும். வேகமாகவும் செய்ய வேண்டும், சிந்தவும் கூடாது. நான் முடித்துவிட்டுப் பெருமையாக நிமிர்ந்தேன். மேடம் என் முந்தானையைக் காட்டினார். சிவப்பாக ஒரு பொட்டு.

"அக்கா, நிஜ மருந்தா இருந்தா உங்க சேலை இப்ப கதிர் வீசிக்கிட்டிருக்கும்."

பதினான்கு வருடம் ஒரு சொட்டு ரத்தம் சிந்தாதவள் நான். வெட்கமாக இருந்தது. ஆனால் அந்த வெட்கத்தோடு ஒரு குறுகுறுப்பும் இருந்தது. எனக்குத் தெரியாத வேலை ஒன்று உலகத்தில் மிச்சமிருக்கிறதே என்று.

முதல் முறை நிஜப் படம் பார்த்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. தைராய்டு சோதனைக்கு வந்த ஒரு அம்மா. ஊசி போட்டுப் படுக்கவைத்து, கேமராவைக் கழுத்துக்கு மேல் இறக்கினோம். திரையில் முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஒரு புள்ளி, பத்துப் புள்ளி, மழை பிடிக்கிற மாதிரி புள்ளிகள் விழுந்து விழுந்து, கழுத்தில் பட்டாம்பூச்சி மாதிரி இரண்டு இறக்கை விரிந்தது. சிஸ்டர் என் பக்கம் குனிந்து, "இத்தனை வருஷம் எலும்பு எப்படியிருக்குன்னு பார்த்தேன். உள்ள நடக்குற வேலையையே பார்க்கலாம்னு யாரும் சொல்லலையே" என்றார்.

நாலைந்து மாதம் போனது. ஒரு நாள் பிரிவின் டாக்டர் வயிறு பற்றிப் பாடம் எடுத்தார். டெக்னீஷியத்தை வேறெதுவும் சேர்க்காமல் அப்படியே ஏற்றினால், இரைப்பையின் உள்தோல் அதை இழுத்துக்கொள்ளும் என்றார். சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே சிறுகுடலில் ஒரு சின்னப் பை தங்கிவிடும். அதன் உள்ளே இரைப்பையின் தோல் இருந்தால், அங்கேயும் அமிலம் சுரந்து பக்கத்துக் குடலைப் புண்ணாக்கும். வலி இருக்காது. ரத்தம் மட்டும் போகும். எந்தச் சோதனையிலும் சிக்காது. ஆனால் நம் படத்தில், இரைப்பை தெரியும் அதே நேரம் அந்தப் பையும் தெரியும்.

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

இளையாத்தங்குடிப் பக்கத்திலிருந்து ஒரு பெண்பிள்ளை எங்கள் காரைக்குடி லேபுக்கு வந்துகொண்டிருந்தாள். ஐந்து வயது. விவசாயக் குடும்பம். மலத்தில் ரத்தம் போகும், திடீரென்று வெளுத்துப்போவாள். இரண்டு தடவை ரத்தம் ஏற்றியாயிற்று. பூச்சி மருந்து கொடுத்தாயிற்று, குழாய் விட்டுப் பார்த்தாயிற்று. ஒவ்வொரு தடவையும் அவள் கையில் நான்தான் ஊசி குத்தினேன். எனக்கு அவள் வைத்த பெயர் ஊசி அத்தை. அவள் அம்மா ஒரே கேள்வியைத்தான் கேட்பார்: "எங்குட்டுத்தான் போகுது இம்புட்டு ரத்தமும்?"

வகுப்பு முடிந்ததும் டாக்டரை வழிமறித்தேன். "சார், எங்க ஊர்ல ஒரு பிள்ளை இருக்கு" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் நின்றபடியே கேட்டார்.

"வயித்து வலின்னு சொல்லுமா?"

"சொன்னதே இல்ல சார்."

"அவங்க டாக்டரு யாரு? பேசிருவோம்."

அப்போதே போன் போட்டார். காரைக்குடிக் குழந்தை டாக்டருக்கும் இதே சந்தேகம் இருந்திருக்கிறது. மெட்ராஸுக்குப் போகச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறார். அறுப்புக் காலம், அவர்களால் கிளம்ப முடியவில்லை. மதுரையிலேயே பார்க்கலாம் என்றதும், இந்த வாரமே அனுப்புகிறேன் என்றாராம்.

அந்த வாரம் நான் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த ஒரு பாடத்தை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது.

பிள்ளையை அம்மாவும் அப்பாவும் வெறும் வயிற்றோடு கூட்டி வந்தார்கள். என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் பின்னால் ஒளித்துக்கொண்டு அம்மாவிடம் முறையிட்டாள். "ஊசி அத்தை இங்கயும் வந்திருச்சும்மா."

அம்மாவுக்கு என்னைப் பார்த்ததில் பாதி பயம் போய்விட்டது. "நீங்க இருக்கீகளா இங்க? அப்பச் சரி" என்றார்.

மேடம் என்னிடம், "அக்கா, நீங்களே செய்யுங்க. நான் கூட நிக்கிறேன்" என்றார். பிள்ளையின் எடைக்கு எவ்வளவு மருந்து என்று நான் கணக்குப் போட்டேன். சிஸ்டர் தனியாகப் போட்டார். மேடம் இரண்டையும் சரிபார்த்தார். கதிரின் அளவைக் காட்டும் மானியில் வைத்து உறுதி செய்துகொண்டு, ஈய உறை போட்ட ஊசியோடு போனேன். அந்த மெல்லிய நரம்பு எனக்குப் பழகியது. ஒரே குத்து. அவள் அழக்கூட மறந்துவிட்டாள்.

கேமராவின் பெரிய முகம் வயிற்றுக்கு மேல் இறங்கியதும்தான் அவளுக்கு உதடு துடித்தது.

"இது உன்னத் தொடாது. எட்டிப் பாக்கும், அம்புட்டுத்தான். நீ அசைஞ்சா அதுக்குக் கண்ணு மங்கிரும்" என்றேன். "உங்க வீட்டு ஆடு குட்டி போட்டிருச்சா?"

"ரெண்டு. ஒண்ணு கறுப்பு."

குட்டிகளைப் பற்றிச் சின்னக் குரலில் சொல்லிக்கொண்டே அசையாமல் கிடந்தாள். திரையில் புள்ளிகள் விழ ஆரம்பித்தன. முதலில் ரத்தக்குழாய்களின் மங்கலான தடம். பிறகு மேலே இடதுபக்கம் இரைப்பை. அது வளர வளர, கீழே வலதுபக்கம் ஏதோ ஒன்று. என் கண்ணுக்கு மட்டும் தெரிகிறதா என்று மேடத்தைப் பார்த்தேன். அவரும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் மருந்து வடிந்து சிறுநீர்ப்பை நிறைந்து, பக்கத்தில் இருந்ததையெல்லாம் தன் வெளிச்சத்தில் மறைத்துவிட்டது.

"பிள்ளைய ஒண்ணுக்குப் போகவச்சுக் கூட்டிட்டு வாங்க" என்றார் மேடம், எதுவுமே நடக்காத மாதிரியான குரலில்.

தூக்கிக்கொண்டு ஓடினேன், வந்தேன். மறுபடி படுக்கவைத்தோம். சிறுநீர்ப்பை மங்கிவிட்டது. அந்தப் பொட்டு அங்கேயே இருந்தது, இரைப்பையைப் போலவே பிரகாசமாக. பக்கவாட்டில் திருப்பி இன்னொரு படம் எடுத்தோம். சிறுநீர்க்குழாயாக இருந்தால் முதுகுப்பக்கம் தெரியும். இது வயிற்றின் முன்பக்கம் இருந்தது. டாக்டர் வந்து திரையருகே குனிந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ம், கிடைச்சிருச்சு" என்றார்.

சிஸ்டர் யாருக்கும் தெரியாமல் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அம்மா என் முகத்தையே பார்த்தார். முடிவைச் சொல்ல வேண்டியது டாக்டர், டெக்னீஷியன் வாய் திறக்கக் கூடாது. நான் பிள்ளையின் சட்டையைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன். டாக்டர் அம்மாவையும் அப்பாவையும் உட்காரவைத்து, தாளில் குடலை வரைந்து காட்டி, ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்று விளக்கினார்.

அம்மா அந்தப் படத்தில் விரலை வைத்தார். "அப்ப இங்குட்டுத்தான் போயிருக்கு" என்று சொல்லிவிட்டு அழுதார்.

அன்று நாலு மணிக்கு எஸ்.டி.டி. பூத்தில் வரிசை நீளம். வீட்டில் போன் இல்லை, வீட்டுக்காரரைப் பள்ளிக்கூடத்து போனில்தான் பிடிக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர், "இந்நேரம் அந்தப் பிள்ளை உடம்புல பாதிக்கு மேல குறைஞ்சிருக்கும்ல?" என்றார்.

"ஆமா. நாளான்னைக்குத் தேடினாலும் கிடைக்காது. நான் என்ன சொல்றேன், நீங்க என்ன கேக்குறீக?"

"அழுதுருவேன் போல இருக்கு. அதான் கணக்குக் கேட்டேன்" என்றார்.

அடுத்த வாரம் ஆபரேஷன். பை இருந்தது. வெட்டி எடுத்ததைச் சோதித்து, உள்ளே இரைப்பையின் தோல்தான் என்று ரிப்போர்ட் வரும்வரை எனக்கு நிம்மதியில்லை. வந்த அன்று மேடம் எல்லோருக்கும் விடுதி கேண்டீனிலிருந்து பஜ்ஜி வாங்கிக்கொடுத்தார். அந்த விடுதிப் பஜ்ஜி நன்றாகவே இருக்காது. அன்று நான் நாலு தின்றேன்.

இறுதித் தேர்வுக்கு முந்தின சனிக்கிழமை, காரைக்குடியில் பழைய லேபுக்குப் போனேன். வெளி பெஞ்சில் அந்தப் பிள்ளை கன்னம் சதைபிடித்து, அம்மாவோடு வழக்காடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் இடத்துக்கு வந்த பெண் இப்போதுதான் ரத்தம் எடுத்திருந்தாள். எனக்கும் ரிசல்ட்டைக் காட்டினாள். இத்தனை காலத்தில் முதல் முறையாக ஹீமோகுளோபின் சரியான அளவு. அம்மா, "மதுரையிலயே இருந்துருவீகளா, திரும்ப வருவீகளா?" என்று கேட்டார்.

"அங்கயேதான் வேலை. வாராவாரம் வருவேன்" என்றேன்.

"இந்தப் புது அத்தைக்கு மெதுவாக் குத்தத் தெரியல" என்றாள் பிள்ளை. அந்தப் பெண் முகம் சிவந்து சிரித்தாள். வாசலில் வீட்டுக்காரர் வண்டியை நிறுத்திக்கொண்டு ஹாரன் அடித்தார். தேர்வுக்குக் கதிர்ப் பாதுகாப்புப் பாடம் முழுசாகப் படிக்க மிச்சமிருந்தது.