அழுத்தி ஒன்று, லேசாக ஒன்று

என் கணவர் ஹைஸ்கூலில் கணக்கு வாத்தியார். அந்தக் காலத்தில் சட்ட மேல்சபைக்கு ஆசிரியர்கள் தனியாக ஓட்டுப் போட்டு ஆள் அனுப்புவார்கள். அந்த ஓட்டு மற்ற ஓட்டு மாதிரி இல்லை. முத்திரை கிடையாது. நிற்பவர்களில் நமக்கு ரொம்பப் பிடித்தவருக்கு எதிரே ஒன்று என்று எழுத வேண்டும், அடுத்தவருக்கு இரண்டு, அதற்கும் அடுத்தவருக்கு மூன்று. யாருக்கும் பாதிக்கு மேல் வரவில்லை என்றால் கடைசியில் நிற்பவரைக் கழித்துவிடுவார்கள். அவருக்குப் போட்டவர்கள் இரண்டு என்று யாருக்கு எழுதியிருக்கிறார்களோ அவருக்கு அந்த ஓட்டு போய்ச் சேரும். ஓட்டுப் போட்டுவிட்டு வந்தால் மனிதர் அன்றைக்கு முழுக்க இதையேதான் பேசுவார்.

"ஊர் எலக்ஷனுக்கும் இதே மாதிரி வச்சிட்டாங்கன்னா, எல்லாரும் வேணாம்னு நினைக்கிற ஒருத்தன் நடுவுல பூந்து ஜெயிக்கவே முடியாது, தெரியுமா?"

"குழம்பு ஆறுது, சாப்பிடுங்க" என்பேன். எழுபதுகளில் எனக்கு அதில் துளி அக்கறையும் இல்லை.

எனக்கு இருந்த ஒரே அக்கறை என் இன்ஸ்டிட்யூட். தேரடி வீதிக்குப் பின்பக்கம் ஓடு போட்ட ஒரு கொட்டகையில் டைப்ரைட்டிங் சொல்லிக் கொடுத்தேன். இடம் முனிசிபாலிட்டியுடையது, மெஷின்கள் என்னுடையவை. என் நகையை விற்றுத்தான் முதல் மெஷின் வாங்கினேன். மாமியார் வீட்டில் அதற்காக என்னோடு ஒரு வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசாததில் எனக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. கீழ்பென்னாத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் பெண்பிள்ளைகள் வந்து இறங்குவார்கள். லோயர் பரீட்சை பாஸ் பண்ணினால் கல்யாணத்தைத் தள்ளிப் போடலாம், ஹையர் பாஸ் பண்ணினால் வேலைக்கே போகலாம் என்று அவர்களுக்குள் ஒரு கணக்கு இருந்தது. அந்தக் கொட்டகை போனால் அத்தனை மெஷினையும் கொண்டுபோய் வைக்க எனக்கு வேறு இடம் கிடையாது. வெளியில் கேட்கிற வாடகை என் கைக்கு எட்டாது.

எண்பதுகளில் பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிற கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற ஆரம்பித்தது. வெளியூர்க்காரர்கள் தங்க இடம் கேட்டு அலைந்தார்கள். எங்கள் தெருவுக்கு ஒரு விலை வந்துவிட்டது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒருநாள் காலையில் இரண்டு பேர் டேப்பைப் பிடித்துக்கொண்டு என் கொட்டகையின் முன்பக்கத்தை அளந்துகொண்டிருந்தார்கள். யாருய்யா நீங்கள், எதற்கு அளக்கிறீர்கள் என்று சத்தம் போட்டேன். பக்கவாட்டையும் அளந்து முடித்துவிட்டுத்தான் போனார்கள்.

அனுப்பியவர் யார் என்று மத்தியானத்துக்குள் தெரிந்துவிட்டது. லாரிகளும் சாராயக் கடை ஏலமும் வைத்திருந்தவர். தெருவில் அவரை லாரிக்காரர் என்றுதான் சொல்வோம், அதையும் மெதுவாகச் சொல்வோம். அவர் யாரையும் அடித்து நான் பார்த்ததில்லை. அடிபட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர் பேச்சு மட்டும் எப்போதும் மரியாதையாக இருக்கும். அன்று சாயங்காலம் அவரே வந்து வாசலில் நின்றார்.

"பயந்துட்டீங்களாம்மா? சும்மா அளந்து பாத்தாங்க. ஒரு லாட்ஜு கட்டலாம்னு ஒரு யோசன. எலக்ஷன் முடியட்டும், பேசிக்கலாம்."

பல வருஷமாக முனிசிபாலிட்டிக்குத் தேர்தலே நடக்கவில்லை. ஒரு அதிகாரிதான் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது தேர்தல் என்று அறிவித்திருந்தார்கள். எங்கள் வார்டில் லாரிக்காரர் மனு போட்டிருந்தார். கவுன்சிலராகிவிட்டால் முனிசிபாலிட்டி இடத்தை யாருக்கு விடுவது என்பதில் அவர் சொன்னதுதான் நடக்கும். என் கொட்டகையில் இன்னும் எத்தனை நாள் மெஷின் சத்தம் கேட்கும் என்பது அந்த ஒரு தேர்தலில் வந்து நின்றது. அன்றிலிருந்து மெஷின் சத்தத்துக்கு நடுவிலும் வாசலில் லாரி வந்து நிற்கிறதா என்று காது அங்கேயே கிடக்கும்.

எதிர்த்து நின்றவர்கள் இரண்டு பேர், இரண்டு பேரும் நல்லவர்கள். அதுதான் எங்கள் கெட்ட நேரம். ஒருவர் பெரியாஸ்பத்திரியில் இருந்து ரிட்டயரான கம்பவுண்டர். தெருவில் பாதிப் பிள்ளைகளுக்கு அவர் கையால்தான் ஊசி. இன்னொருவர் பால் சொசைட்டியில் வேலை பார்த்தவர். யார் வீட்டில் சாவு என்றாலும் முதலில் வந்து பந்தல்கால் ஊன்றுகிறவர். இவருக்குப் போட்டால் அவர் மனம் நோகும், அவருக்குப் போட்டால் இவர் முகத்தில் எப்படி விழிப்பது என்று தெருவே தவித்தது. ஓட்டு இரண்டாக உடைந்தால் லாரிக்காரருக்குத் தன் ஆட்களின் ஓட்டே போதும். இது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்திருந்தது.

என் கணவருக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது. தெருவே சேர்ந்து முன்கூட்டி ஒரு ஓட்டுப் போட்டுப் பார்ப்போம், மேல்சபை முறையில். யார் பின்னால் வருகிறாரோ அவர் மனுவை வாபஸ் வாங்கட்டும். இரண்டு பேரும் ஒப்புக்கொண்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் இன்ஸ்டிட்யூட்டில்தான் கூட்டம். ஆணும் பெண்ணுமாக மெஷின் மேஜைகளில் உட்கார்ந்தார்கள். என் கணவர் போர்டில் எழுதி நிதானமாக விளக்கினார். உங்களுக்கு ரெண்டு பேரையும் பிடிக்கும், அதனால ரெண்டு பேருக்கும் போடலாம், யாரு முதல்ல யாரு அடுத்ததுன்னு மட்டும் காட்டிடுங்க என்றார். எழுதத் தெரியாதவர்கள் ஒரு கோடு, இரண்டு கோடு போட்டார்கள். அன்று அந்த ஜனங்களின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. இரண்டு பேரில் யாரையும் கைவிட வேண்டியதில்லை என்று யாரும் அவர்களுக்கு அதற்குமுன் சொன்னதில்லை.

கம்பவுண்டர்தான் முன்னால் வந்தார். சொசைட்டிக்காரர் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, நாளைக்கே வாபஸ் வாங்கிவிடுகிறேன் என்றார். நான் எல்லோருக்கும் காபி கொடுத்தேன். வெளியே எதிர்ச்சாரியில் லாரிக்காரரின் ஆள் ஒருவன் சைக்கிளில் சாய்ந்தபடி நின்றுகொண்டிருந்தான். கூட்டம் முடிகிறவரை நின்றான். யாரோ அவனுக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார்கள், வாங்கிக் குடித்தான்.

மறுநாள் சொசைட்டிக்காரர் முனிசிபல் ஆபீசுக்குப் போகவில்லை. அவருடைய பங்காளிகள் அவர் வீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டார்களாம். "மனு போட்டுட்டு வாபஸ் வாங்கினா நம்ம மானம் இன்னாவுறது?" என்று கேட்டிருக்கிறார்கள். அந்தப் பங்காளிகளை யார் கிளப்பிவிட்டார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, ஆனால் கண்ணால் காணாததை எழுதக் கூடாது. வாபஸ் வாங்கக் கடைசி நாளும் போய்விட்டது. ஓட்டுச் சீட்டில் மூன்று பேரும் நின்றார்கள். என் கணவர் வீடு வீடாகப் போய்க் கம்பவுண்டருக்கே போடுங்கள் என்று சொன்னார். எல்லோரும் சரிங்க சார், சரிங்க சார் என்றார்கள். அந்தச் சரிங்க சாரைக் கேட்கக் கேட்க எனக்கு நம்பிக்கை குறைந்துகொண்டே வந்தது. ஏன் என்று அப்போது புரியவில்லை.

ஓட்டுப்பதிவு அமைதியாக நடந்தது. லாரிக்காரர் பூத்துக்கு எதிரே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்கள் எல்லோருக்கும் கும்பிடு போட்டார். அவ்வளவு அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பூக்காரம்மா வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"போட்டுட்டு வந்துட்டேன்மா. சார் சொன்னாப்புலியே போட்டேன். கம்பவுண்டருக்கு அழுத்தி ஒண்ணு, சொசைட்டிக்காரருக்கு லேசா ஒண்ணு."

"எது லேசா?"

"மொத்ரைதான். நம்பர் எழுத பென்சில் குடுக்கல. அதனால மொதல் ஆளுக்கு நல்லா அழுத்திக் குத்தினேன். ரெண்டாவது ஆளுக்கு மேலாப்புல ஒத்தி எடுத்தேன். ரெண்டு பேருக்கும் மனசு நோவாது பாரு."

அந்தத் தேர்தலில் ஒரு சீட்டுக்கு ஒரு முத்திரைதான். இரண்டு விழுந்தால் அது செல்லாத ஓட்டு. அவளிடம் அதைச் சொல்லாமல் என் கணவரைக் கூப்பிட்டேன். அடுத்து இஸ்திரிக்காரர் வந்தார், அவரும் அப்படித்தான். எதிர்வீட்டு மாமி, அவள் மருமகள், மூலைக் கடைக்காரர் என்று ஒவ்வொருவராக வந்து என் கணவரிடம் சந்தோஷமாக ஒப்பித்துவிட்டுப் போனார்கள். இரண்டு பேருக்குமே அழுத்தமாகக் குத்தியவர்களும் உண்டு. அவர் கதவைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் "அப்படியா, சரி" என்றார். கடைசி ஆள் போனதும் உள்ளே வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். ஓட்டு எண்ண இன்னும் நாள் இருந்தது. எங்கள் வீட்டில் மட்டும் அன்றைக்கே எண்ணி முடித்துவிட்டோம்.

எனக்கு ஜனங்கள்மேல் கோபம் வரவில்லை, இன்றைக்கும் இல்லை. என் கோபமெல்லாம் அந்தச் சீட்டின் மேல்தான். எங்கள் தெரு தன் மனதில் இருந்ததைச் சரியாகத்தான் சொன்னது. இவர் வேண்டும், இவர் இல்லாவிட்டால் அவர், இந்த மூன்றாவது ஆள் மட்டும் வேண்டவே வேண்டாம். அதைச் சொல்ல அந்தக் காகிதத்தில் வழி இல்லை. படித்த வாத்தியார்களுக்குக் கொடுத்த வசதியைப் பூக்காரிக்கும் கொடுத்திருந்தால் என்ன குடி முழுகிப் போயிருக்கும்? வேடிக்கை என்னவென்றால், அந்த வருஷமே மேல்சபையையும் எடுத்துவிட்டார்கள். அதன்பிறகு என் கணவருக்கும் ஒன்று, இரண்டு எழுதுகிற வேலை இல்லாமல் போனது.

முடிவு வந்த மறுநாள் லாரிக்காரர் மாலையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு இன்ஸ்டிட்யூட்டுக்குள் வந்தார். மெஷின் சத்தம் தானாக நின்றது. என் கணவர் அங்கேதான் இருந்தார். லாரிக்காரர் அவர் முன்னால் ஒரு ஸ்வீட் டப்பாவை வைத்தார்.

"சார், செல்லாத ஓட்டே தனியா ஒரு குவியல். அந்தக் குவியலவிட எவ்ளோ கம்மியான வித்தியாசத்துல நான் ஜெயிச்சேன்னு கேட்டீங்கன்னா ஆடிப்போயிடுவீங்க. நீங்க பண்ண ஒதவிய என் ஆளுங்ககூடப் பண்ணல."

கிண்டலாகச் சொல்லவில்லை. மனதாரத்தான் சொன்னார். அதைத்தான் என் கணவரால் தாங்க முடியவில்லை. பிறகு லாரிக்காரர் என் பக்கம் திரும்பினார்.

"பசங்களுக்குப் பரீட்சை எப்பம்மா?"

சொன்னேன்.

"முடியட்டும், அவசரமில்ல. படிக்கிற பசங்க வயித்தெரிச்சல நான் கொட்டிக்க மாட்டேன். முடிஞ்சதும் மெஷினுங்கள எடுத்துக்குங்க. லாரி வேணும்னா நானே அனுப்புறேன்."

அவர் போன பிறகும் பிள்ளைகள் டைப் அடிக்க ஆரம்பிக்கவில்லை. அடியுங்கள் என்று நான்தான் அதட்டினேன்.

அன்று சாயங்காலம் அடுத்த தெருவிலிருந்து ஒரு அம்மா தன் பெண்ணை லோயருக்குச் சேர்க்கக் கூட்டிக்கொண்டு வந்தாள். அந்தப் பெண் உட்காருவதற்கு முன்பே ஒரு மெஷினைத் தொட்டுப் பார்த்தது. இந்தப் பரீட்சையோடு மூடுகிறேன், புதிதாகச் சேர்ப்பதில்லை என்றேன். காரணத்தையும் சொன்னேன்.

"அதெப்படிம்மா? எங்க தெருவுல அந்தாளுக்கு யாருமே போடலியே" என்றாள் அந்த அம்மா.

"எங்க தெருவுலயும் போடலீங்க" என்றேன்.

செங்கம் ரோட்டில் இன்னொரு இன்ஸ்டிட்யூட் இருக்கிறது, அங்கேயும் நன்றாகத்தான் சொல்லிக் கொடுப்பார்கள் என்று சொல்லி, எங்கே திரும்ப வேண்டும் என்று வாசல்வரை வந்து வழி காட்டினேன்.